ஆற்றங்கரை மாணவர் ஐசக் வால்டன்

மீன் பிடித்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவன வலையும் தோணியுமே. கலிலேயக் கடலோரத்தில் வலை வீசிக் கொண்டிருந்த இராயப்பரையும் பெலவேந்திரரையும், வலைகளைப் பழுது பார்த்துக் கொண்டிருந்த யாகப்பரையும் அருளப்பரையும் ஆண்டவர் அழைத்த வரலாற்றை நாம் சிறு வகுப்பிலேயே ஞானோபதேசத்தில் படித்து விட்டோம். ஆனால் வலையும் இன்றித் தோணியும் இன்றி, ஒரு நீண்ட கோலும் நூலும் கையில் கொண்டு, இறகினால் செய்த பொய் ஈ ஒன்றை நீரின்மேல் மெல்ல இறக்கி மீனை ஏமாற்றும் கலை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை ப்ளை பிஷிங் என்பர். நாம் ஈத்தூண்டில் என்று சொல்லிக் கொள்வோம்.

தூண்டிலைப் பற்றிப் பேசுவோர் யாவரும் முதலில் சொல்லும் பெயர் ஐசக் வால்டன். தூண்டிற்காரர்களின் தந்தை என்றே அவரை அழைக்கின்றனர். வேடிக்கை என்னவென்றால், புழுவும் வெட்டுக்கிளியும் கோத்துத் தூண்டில் போடுவதில் வல்லவரான இத்தந்தை, ஈத்தூண்டிலில் அத்தனை தேர்ந்தவர் அல்லர். அந்தப் பாடத்திற்கு அவர் பிறரிடம் போய்க் கேட்டார். கேட்டதை மறைக்கவும் இல்லை. கடைசியில் தமது 83ஆம் வயதில், தம்மைவிட 37 ஆண்டுகள் இளையவரான நண்பர் ஒருவரிடம் அப்பகுதியை எழுதித் தரும் பொறுப்பை ஒப்படைத்தார். இப்பேர்ப்பட்ட ஒரு நெடுங்கால மாணவரின் வாழ்க்கையையே இங்கு நாம் காணப் போகிறோம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டாபர்டு என்னும் ஊரில் பிறந்த வால்டன், 1593ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அவ்வூர் புனித மரியன்னை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தந்தை ஒரு சிறு மதுச்சாலை நடத்தி வந்தவர். மகனுக்கு மூன்று வயது நிரம்பி ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1597இல், தந்தை இறந்து போனார். தாய் மறுமணம் செய்து கொண்டார். சிறுவன் பெரும் பள்ளிகளில் படிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதித்ததும் இல்லை. வளர்ந்ததும் லண்டனுக்குச் சென்று உறவினர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1618இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஆனால் விற்றது என்னவோ துணி! அந்நாளில் எந்தச் சங்கத்தில் பெயர் இருந்தாலும் எந்த வாணிபமும் செய்யலாம் போலும்.

அவருடைய கடை லண்டனில் ப்ளீட் தெருவில், சான்சரி சந்துக்கு அருகில் இருந்தது. அது புனித டன்ஸ்டன் பங்கைச் சேர்ந்த இடம். 1624 முதல் அப்பங்கின் குருவாக இருந்தவர் ஜான் டன் என்னும் புகழ்பெற்ற கவிஞர். இந்த டன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், அவருடைய தாயார் நம் புனித தாமஸ் மூரின் தங்கை வழி வந்தவர் என்பதும் நமக்குச் சுவையான செய்திகள். பிற்காலத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, புனித சின்னப்பர் பேராலயத்தின் தலைவரானார். பெருங்கல்வியாளரான அவருக்கும் துணிக்கடைக்காரரான வால்டனுக்கும் எப்படியோ நட்பு மலர்ந்தது. 1631இல் டன் மரணப் படுக்கையில் இருந்தபோது அவரைச் சென்று கண்ட சிலருள் வால்டனும் ஒருவர்.

1626இல் வால்டன் ரேச்சல் ப்ளட் என்னும் பெண்ணை மணந்தார். அவள் எட்டாம் ஹென்றி காலத்துப் பேராயர் கிரான்மரின் குடும்ப வழியில் வந்தவள். (கிரான்மரின் கதை நமக்கு இங்கு வேண்டாம், அருட்சகோதரிகள் வரலாற்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.) இவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தன. ஏழும் சிறு வயதிலேயே இறந்து விட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, பெயரிட்டு, ஞானஸ்நானம் கொடுத்து, சில மாதங்களோ சில ஆண்டுகளோ வளர்த்து, அதே ஆலயத்தின் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. 1640ஆம் ஆண்டு ரேச்சலும் கண் மூடினாள். கடைசியாக எஞ்சியிருந்த பெண் குழந்தை 1642இல் போய்ச் சேர்ந்தது.

இதை நாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், பின்னாளில் வால்டன் எழுதிய புத்தகத்தைப் படிப்பவர்கள், கவலை என்பதே அறியாத ஒருவர் எழுதியது என்று நினைத்து விடுகிறார்கள். அதில் பசும்புல்லும், பறவைகளின் பாட்டும், மழைக்கு ஒதுங்கும் வேலியோர மரமும், லாவெண்டர் மணக்கும் படுக்கை விரிப்புகளும்தான் வருகின்றன. ஏழு சிறு கல்லறைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

வால்டன் எழுத்தாளரானதே ஒரு தற்செயல். டன் அவர்களின் பிரசங்கங்களை அச்சிட ஏற்பாடு நடந்தது. அதனுடன் சேர்க்க வேண்டிய வாழ்க்கை வரலாற்றை எழுத இருந்தவர் ஹென்றி வாட்டன் என்னும் பெரியவர். அவர் வெனிஸ் நகரில் தூதராக இருந்து, முதுமையில் ஈட்டன் கல்லூரியின் தலைவரானவர். வால்டனின் தூண்டில் தோழரும்கூட. தகவல் திரட்டித் தரும் வேலையை மட்டும் அவர் வால்டனிடம் ஒப்படைத்திருந்தார். 1639 இறுதியில் வாட்டன் எழுதாமலே இறந்து விட்டார். அச்சுக்கூடமோ காத்திருந்தது. எனவே துணிக்கடைக்காரரே பேனாவைப் பிடித்தார். அவர் மனைவியை இழந்த அதே 1640இல் அந்நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 47. முன்பின் எழுதிப் பழகாத ஒருவருடைய அந்தச் சிறு வரலாறு, ஆங்கில மொழியின் சிறந்த வாழ்க்கை வரலாறுகளில் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது.

இதற்குள் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு விட்டது. 1642 முதல் மன்னர் முதலாம் சார்லஸின் படையும் பாராளுமன்றப் படையும் மோதின. 1649இல் மன்னரின் தலையே வெட்டப்பட்டது. வால்டன் மன்னர் கட்சிக்காரர். லண்டனோ பாராளுமன்றத்தின் கோட்டை. அவர் ப்ளீட் தெருவை விட்டுப் போனார். 1647இல் ஆன் கென் என்னும் பெண்ணை மறுமணம் செய்து கொண்டார். இவ்விருவருக்கும் பிறந்த குழந்தைகளுள் ஒன்று இறந்தாலும், ஆன் என்ற மகளும் ஐசக் என்ற மகனும் பிழைத்து வளர்ந்தனர். அவரது 50 வயதுக்கு மேல் தேவன் அளித்த கொடை என்றே இதை நாம் கருதுகிறோம்.

அமைதியான இம்மனிதரின் வாழ்வில் ஒரே ஒரு சாகசச் செயல் உண்டு. 1651 செப்டம்பர் 3ஆம் நாள் உஸ்டர் என்னும் இடத்தில் நடந்த போரில், கொல்லப்பட்ட மன்னரின் மகனான இரண்டாம் சார்லஸ் தோற்று ஓடினார். அவர் அணியும் புனித ஜார்ஜியாரின் பதக்கம் ஒன்று கர்னல் பிளேக் என்பவரின் கைக்கு வந்தது. பிளேக் அதை ஒரு வீட்டில் ஒளித்து வைத்தார். பின்பு பிடிபட்டு லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். பதக்கம் கை மாறி ஸ்டாபர்டில் இருந்த ஒருவரை அடைந்தது. அதை லண்டனுக்குக் கொண்டு போய்ச் சிறையிலிருந்த கர்னலிடம் சேர்ப்பிக்கும் வேலையை ஏற்றவர் நம் 58 வயது துணி வணிகர்! வழியெல்லாம் எதிரிப் படை. சோதனையில் அகப்பட்டிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்? பதக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பின்னர் கர்னல் சிறையிலிருந்து தப்பி, அதை அரசரிடமே கொண்டு சேர்த்தார். சந்தேகப்பட முடியாத முகம் என்று ஒன்று உண்டல்லவா? தூண்டிலோடு நடக்கும் ஒரு கிழவரை யார்தான் தடுத்து நிறுத்துவார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

1653ஆம் ஆண்டு மே மாதம், வால்டனுக்கு 60 வயது நெருங்கும்போது, புனித டன்ஸ்டன் ஆலய வளாகத்துக் கடையில் 18 பென்ஸ் விலைக்கு ஒரு சிறு புத்தகம் விற்பனைக்கு வந்தது. முழுநிறைத் தூண்டிற்காரர் என்று அதன் தலைப்பை நாம் தமிழாக்கலாம். முகப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை.

நூலின் அமைப்பே ஒரு பள்ளிக்கூடம் போன்றது. மே மாதக் காலையில் லண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாம் குன்றருகே, லீ ஆற்றை நோக்கி நடந்து போகும் ஒரு தூண்டிற்காரரை வழிப்போக்கர் ஒருவர் சந்திக்கிறார். 1655இல் விரித்தெழுதிய இரண்டாம் பதிப்பில் இவர் ஒரு வேட்டைக்காரராக மாறினார். ராஜாளி பழக்குபவர் ஒருவரும் உடன் சேர்ந்தார். எவருடைய பொழுதுபோக்கு உயர்ந்தது என்று மூவரும் வாதாடுகின்றனர். முடிவில் வேட்டைக்காரர் தம் நாய்களை மறந்து, தூண்டிற்காரருக்கு மாணவராகி விடுகிறார். மொத்தம் ஐந்து நாட்கள். அவர் கேட்கும் கேள்விகளும் படும் பாடும்தான் புத்தகம். ஒருமுறை பெரிய டிரவுட் மீன் ஒன்று நூலை அறுத்துக்கொண்டு ஓடி விடுகிறது. குரு இரங்க, மாணவரோ, தம் கையில் ஒருபோதும் இல்லாததைத் தாம் எப்படி இழக்க முடியும் என்று சாதுரியமாகப் பேசித் தப்பித்துக் கொள்கிறார். பால் கறக்கும் தாயும் மகளும் வரும் இடம் நமக்கு மிகவும் பிடித்தது. குரு தாம் பிடித்த சப் என்னும் மீனை அவர்களுக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிறார்.

எல்லாம் நமக்கு உவப்பு என்று சொல்ல முடியாது. தவளையை உயிரோடு தூண்டிலில் கோப்பது எப்படி என்று அவர் விளக்கும் இடத்தில், அதன்மீது அன்பு கொண்டவர் போல நடந்து கொள்ள வேண்டும் என்கிறார்! கவிஞர் பைரன் இதற்காகவே அவரைக் கடுமையாகக் கேலி செய்தார். தவளையின் பக்கமே நாமும் நிற்கிறோம். மேலும், பைக் என்னும் மீன் நீர்ப்பாசியிலிருந்து தோன்றுகிறது என்று பழைய நூல்களை நம்பி எழுதி விட்டார். பாராளுமன்றப் படையில் இருந்த ரிச்சர்டு பிராங்க் என்பவர் ஸ்காட்லாந்து ஆறுகளில் மீன் பிடித்துப் பழகியவர். அவர், ஸ்டாபர்டில் வால்டனைச் சந்தித்து இதைப் பற்றி வாதிட்டதாகவும், வால்டன் கோபித்துக் கொண்டு எழுந்து போய் விட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அமைதியின் உருவமான நம் பெரியவருக்கும் கோபம் வந்தது என்று அறிய நமக்கு ஓர் ஆறுதல்தான்.

இனி ஈத்தூண்டிலுக்கு வருவோம். டிரவுட் என்பது குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன். ஆங்கிலேயர் கொண்டு வந்து விட்டதால் நம் நீலகிரி ஓடைகளிலும் அது உண்டு. அது நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை நீட்டி நின்றுகொண்டு, மேலே மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வித் தின்னும். மே மாதத்தில் ஒருவகை ஈ, நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது போல, ஆற்றிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். நீருக்கடியில் ஓராண்டுக்கு மேலும் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்ததும் ஓரிரு நாளே வாழ்ந்து மடியும் பூச்சி அது. சிறகு வந்தபின் அது ஒன்றும் உண்பதில்லை. உண்ண வாயே பயன்படாது. அந்த ஈயைப் போன்றதொன்றை இறகு, பட்டு நூல், விலங்கின் மென்மயிர் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் சுற்றிச் செய்ய வேண்டும். எந்த மாதத்தில் எந்த ஈ பறக்கிறதோ அதன் நிறமும் பருமனும் இருந்தால்தான் மீன் நம்பும்.

அடுத்தது அதை நீரில் இடும் வித்தை. புழு கோத்த தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் இருக்கிறது. எறிந்தால் போய் விழும். ஈக்கோ கனமே கிடையாது. வால்டன் காலத்தில் ஐந்தாறு கெஜ நீளமுள்ள கோலின் நுனியில் குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்த நூலைக் கட்டியிருப்பார்கள். கோலை ஆட்டும் நயத்தாலும் காற்றின் உதவியாலும்தான் ஈ பறந்து போய் விழ வேண்டும். அதனால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நிற்க வேண்டும். சூரியன் எதிரே இருக்க வேண்டும். இல்லாவிடில் நம் நிழலும் கோலின் நிழலும் நீரில் விழுந்து மீன் ஓடிவிடும். முதலில் ஈ மட்டுமே நீரைத் தொட வேண்டும், நூல் படக்கூடாது. புதிதாய்ப் பழகுபவருக்கு இதில் எதுவும் எளிதில் வாய்ப்பதில்லை. நூல் சிக்கிக் கொள்ளும், பின்னாலுள்ள மரக்கிளை ஈயைப் பிடித்துக் கொள்ளும், ஈ விழும் முன்பே நூல் சளப்பென்று விழும். மீன் வந்து கவ்வினாலோ, பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்து மயிரை அறுத்துக் கொள்வார்கள்.

வால்டன் தம் நூலில் பன்னிரண்டு வகை ஈக்களைச் சொல்கிறார். ஆனால் அவை அவர் கண்டவை அல்ல. பழைய நூல்களின் வழியாக அவருக்கு வந்தவை. அவற்றின் மூலத்தைத் தேடிப் போனால் நாம் எங்கே போய் நிற்கிறோம் தெரியுமா? ஒரு கன்னியர் மடத்தின் வாசலில்! 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்பவர் அச்சிட்ட தூண்டில் நூல்தான் ஆங்கிலத்தில் இக்கலைக்கு முதல் அச்சு நூல். அதை எழுதியவர் புனித ஆல்பன் நகருக்கு அருகிலிருந்த சாப்வெல் மடத்தின் தலைவி அன்னை ஜூலியானா பெர்னர்ஸ் என்பது வழிவழியாக வரும் மரபு. அறிஞர்கள் இதை ஐயுறுகிறார்கள். ஐயுறட்டும். பிறர் வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், பேராசைப்பட்டு அளவுக்கு மேல் மீன் பிடிக்கலாகாது, தனிமையில் இருக்கையில் வழக்கமான செபங்களைப் பக்தியோடு சொல்ல வேண்டும் என்றெல்லாம் அந்நூலில் எழுதியிருப்பதைக் கேட்டால், இதை ஒரு மடத்துத் தாயார் அன்றி வேறு யார் எழுதியிருப்பார் என்று நம் பள்ளி மாணவியர் எவரும் கேட்பர்.

ஈத்தூண்டிலின் நடைமுறைக்கு வால்டன் நாடியது தாமஸ் பார்க்கர் என்பவரை. அவர் தொழிலால் சமையற்காரர். 1651இல் தூண்டில் பற்றிச் சிறு நூல் ஒன்று வெளியிட்டவர். தம் நூலில் பார்க்கரின் பெயரைச் சொல்லியே வால்டன் அவருடைய பாடத்தைத் தருகிறார். ஆயர்களோடும் தூதர்களோடும் பழகியவர், ஒரு சமையற்காரரிடம் கற்றதாக அச்சில் சொல்வது அந்நாளில் சாதாரணம் அன்று.

1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். வால்டனின் நண்பர் ஜார்ஜ் மார்லி உஸ்டர் ஆயரானார். வால்டன் அவருடைய காரியதரிசி போல உடனிருந்தார். ஆனால் 1662இல் அங்கேயே இரண்டாம் மனைவி ஆன் மறைந்தாள். உஸ்டர் பேராலயத்தில் அவளுக்கு அவர் அமைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவளுடைய விவேகத்தையும் பக்தியையும் சொல்லிவிட்டு, படிப்பவர் அவளைப் போல ஆகக் கற்றுக்கொள்ளுமாறு அது கேட்கிறது. தூண்டில் நூலின் இறுதியிலும், புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகத்தின் வழியில், அமைதியாயிருக்கக் கற்பதைப் பற்றியே அவர் சொல்கிறார். இரு இடங்களிலும் கற்றல் என்ற அதே சொல் வருவதை நாம் கவனித்தோம்.

அதன்பின் அவர் மனைவி தேடவில்லை. வின்செஸ்டருக்கு மாற்றலான மார்லி ஆயரின் நிழலிலும், மகளின் வீட்டிலும் காலம் கழிந்தது. ஹூக்கர், ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகியோரின் வாழ்க்கைகளை 1665, 1670, 1678ஆம் ஆண்டுகளில் எழுதினார். கடைசி நூல் வரும்போது வயது 84. இப்பெரியோர் எல்லாரும் நம் பிரிந்த சகோதரர்களின் சபையைச் சேர்ந்தவர்கள். ஆயினும் அந்நூல்களில் வரும் செபமும் தாழ்ச்சியும் நமக்கு அந்நியமானவை அல்ல.

இளைய நண்பர் சார்லஸ் காட்டன் என்றோமே, அவர் 1630இல் பிறந்த ஒரு பிரபு குடும்பத்தார். டவ் என்னும் அழகிய ஆறு ஓடும் மலைநாட்டில் மாளிகை உள்ளவர், கவிதை எழுதுபவர், கடனாளி. கடன்காரர்களுக்கு ஒளிந்து வாழ்ந்தவர் என்றும் கதை உண்டு. ஒழுங்கே உருவான வால்டனுக்கும் இவருக்கும் என்ன பொருத்தம்? டிரவுட் மீன்தான்! காட்டன் அவரைத் தந்தை என்றே அழைத்தார். 1674இல் டவ் ஆற்றங்கரையில் ஒரு சிறு கல் வீடு கட்டி, தம் பெயர் எழுத்துக்களையும் வால்டனின் பெயர் எழுத்துக்களையும் ஒன்றோடொன்று பின்னி வாயிற்கல்லில் செதுக்கி வைத்தார். அவ்வீடு இன்றும் நிற்கிறது. ஏழு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவருக்கு, தாமாக வந்து மகனான ஒருவர் கட்டிய வீடு அது.

1676இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பு வெளிவரும் முன், ஈத்தூண்டில் பகுதியைக் காட்டன் எழுத வேண்டும் என்று வால்டன் விரும்பினார். காட்டன் சில நாட்களிலேயே எழுதி மார்ச் மாதத்தில் அனுப்பினார். அதிலும் ஒரு குருவும் ஒரு மாணவரும் வருகிறார்கள். மலைப் பாதையில் குதிரையேறி நடுங்கிக்கொண்டே வரும் பயணி ஒருவர். அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர். அந்தப் பயணி யார் என்று பார்த்தால், வால்டனின் நூலில் ஐந்து நாள் பாடம் கற்றுத் தேறினாரே, அதே வேட்டைக்காரர்! வால்டனிடம் முழுப் படிப்பும் படித்தவர், டவ் ஆற்றங்கரையில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். லண்டனில் செய்யும் ஈக்களின் உடல் மிகப் பருத்தது என்றும், லண்டன்காரர் ஒருவர் கொடுத்த ஈயை நகைப்பதற்காகவே தம் வீட்டுச் சன்னலில் தொங்கவிட்டிருப்பதாகவும் குரு கேலி செய்கிறார். கருவி ஏதும் இன்றி விரல்களுக்கிடையே முள்ளைப் பிடித்து ஈ கட்டும் முறையைக் காட்டிக் கொடுக்கிறார். முள்ளுக்கு மேலே நூலில் இரண்டே இரண்டு மயிர் போதும் என்கிறார். நூல் மெல்லியதாயும் மீன் தொலைவிலும் இருக்க வேண்டும் என்பதே அவர் பாடத்தின் சாரம். வால்டன் பன்னிரண்டு ஈக்களோடு நிறுத்தினார். காட்டன் மாதவாரியாக அறுபதுக்கு மேல் அடுக்குகிறார். இன்றைய ஈத்தூண்டில்காரர்கள் நடைமுறைப் பாடத்திற்குக் காட்டனிடமே அதிகம் கடன்பட்டவர்கள்.

இத்தனை கேலியும் திருத்தமும் உள்ள அப்பகுதியை வால்டன் ஒரு குறையும் சொல்லாமல், தம் நூலோடு சேர்த்துத் தைத்து வெளியிட்டார். ஏப்ரல் 29இல் நன்றிக் கடிதம் எழுதினார். நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவையும் தம் 83ஆம் வயதையும் மறந்துவிட்டு, அடுத்த மாதமே ஒரு யாத்திரிகரைப் போலப் புறப்பட்டு வரப் போவதாக அதில் குறிப்பிடுகிறார். அவருடைய எழுத்திலேயே நாம் மிகவும் விரும்பும் இடம் இதுதான். புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் புத்தகத்திற்குள்ளேயே தம்மைவிடச் சிறந்த ஆசிரியருக்கு இடம் ஒதுக்கி, அவரைக் காணவும் புறப்படுவது எத்தனை பேரால் ஆகும்?

1683 ஆகஸ்டு 9ஆம் நாள், தமது 90ஆம் வயதில், வால்டன் தம் கைப்பட உயில் எழுதத் தொடங்கினார். நண்பர்களுக்கு மோதிரங்கள், மருமகனுக்கு டன் அவர்களின் பிரசங்க நூல் என்று ஒவ்வொன்றாகப் பகிர்ந்தார். அவ்வாண்டு குளிர்காலத்தில் இங்கிலாந்து என்றும் காணாத உறைபனி கண்டது. தேம்ஸ் ஆறே கட்டியாக உறைந்து, அதன்மேல் கடைகள் போட்டுச் சந்தை நடந்தது. அப்பனி தொடங்கிய டிசம்பர் 15ஆம் நாள் வின்செஸ்டரில், பேராலயக் குருக்களில் ஒருவரை மணந்திருந்த மகளின் இல்லத்தில், ஐசக் வால்டன் உயிர் நீத்தார். அப்பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றில் அவர் அடக்கமாகியிருக்கிறார். 1914இல் இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் சேர்ந்து அங்கே வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று அமைத்தனர். ஆற்றங்கரையில் புத்தகத்துடன் அவர் அமர்ந்திருக்கும் காட்சி அதில் உள்ளது.

ஸ்டாபர்டுக்கு அருகில் ஷாலோபர்டு என்னும் இடத்தில் அவருக்கு ஒரு சிறு பண்ணையும் குடிலும் இருந்தன. மகன் மணம் செய்து கொள்ளாவிடில் அது பிறந்த ஊர் மக்களுக்கு என்று உயிலில் எழுதியிருந்தார். மகன் ஐசக் குருவானார், மணம் செய்யவில்லை. எனவே பண்ணை ஊருக்கே வந்து சேர்ந்தது. (குடில் இப்போது காட்சிசாலை. பக்கத்தில் இருப்புப்பாதை வந்தபின், ரயிலின் தீப்பொறி பட்டுக் கூரை எரிந்ததால் இப்போது ஓடு வேய்ந்திருக்கிறார்கள்.) பண்ணையின் வருமானத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்றும் அவரே விதித்தார். ஆண்டுதோறும் 10 பவுன், ஏழைச் சிறுவர் இருவர் தொழில் பழக. 5 பவுன், ஒரே வீட்டில் நெடுநாள் நேர்மையாக உழைத்து, 21 வயது நிரம்பிய பணிப்பெண் ஒருத்திக்கு அல்லது நாணயமான ஏழை ஒருவரின் மகளுக்குத் திருமணச் செலவாக. மீதியில் ஏழைகளுக்கு நிலக்கரி வாங்க வேண்டும். அதையும் சனவரி கடைசி வாரத்தில் அல்லது பிப்ரவரி முதல் வாரத்தில்தான் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஏழைகளைக் குளிர் மிகவும் வாட்டும் நாட்கள் அவையே என்று காரணமும் எழுதி வைத்தார்.